இடது கண்ணின் மனப்பாடம்

தம்பி,

ஜெராக்ஸ் மிஷினில் டோனர் மை தீர்ந்துவிட்டது என்று நேற்று உன்னிடம் சொன்னது பொய். புதுசு போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. நீ போனை நீட்டி, "எம்மா, இத ஏ3ல பெருசா ஒண்ணு எடுத்துக் குடு" என்றாய். பார்த்தேன். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்னதாகிக்கொண்டே போகும் வரிசைகள். கண் டாக்டர் அறையில் மாட்டியிருக்கிற போர்டு. "யாருக்குடா?" என்று கேட்டேன். "ஃப்ரெண்டு ஒருத்தனுக்கும்மா" என்றாய். "டோனர் இல்லடா, நாளைக்குப் பாக்கலாம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. நீ ஒரு பொய் சொன்னாய், நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டு பேரும் சிதம்பரத்தில் ரயிலேறி, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, வீடு வந்து சேரும்வரை நல்லபிள்ளைகளாக வாயே திறக்கவில்லை.

இன்று மத்தியானம் கடையில் கூட்டமில்லை. ஓரத்தில் கிடந்த வீணான காகிதங்களைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கம் யாரோ ஒரு பிள்ளையின் தெர்மோடைனமிக்ஸ் நோட்ஸ் தெரியும், அதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. இதையெல்லாம் நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ நடுவில், "சரிம்மா, விடு" என்பாய். நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். இப்படி விட்டு விட்டே பதினைந்து வருஷத்தை ஓட்டியிருக்கிறோம். வியாழக்கிழமை திருச்சியில் உனக்கு ரயில்வே மெடிக்கல். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று எனக்கே தெரியவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

பல்கலைக்கழகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவளுக்குப் பிள்ளைகளின் முகத்தைவிட, அவர்கள் காகிதத்தைப் பிடிக்கிற விதம்தான் நன்றாகத் தெரியும். ஒருத்தன் தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பதுபோலப் படிப்பான். ஒருத்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிப்பாள். என் தலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிற போர்டை இடுக்கிய கண்ணோடு பார்த்து, "அக்கா, ஸ்பைரல் பைண்டிங் உண்டா?" என்று கேட்பவர்கள் தினமும் வருவார்கள். போன வருஷம் இரண்டு ஹாஸ்டல் பையன்கள் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தனுக்குக் காலையில் பரீட்சை, இன்னொருத்தனுக்கு மத்தியானம். "அவன் பவரும் எம்பவரும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க்கா" என்றான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்கிற மாதிரி கண்ணை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்களே என்று சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததோடு சரி, அதற்குமேல் யோசிக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்து கொடுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். "அக்கா, மைக்ரோ போடுங்க" என்பார்கள். இரண்டு பக்கத்தை ஒன்றாக்குவேன், நாலை ஒன்றாக்குவேன், பரீட்சை நெருங்கினால் எட்டையும் ஒன்றாக்குவேன். எழுத்து எறும்பு அளவுக்கு வரும். காகிதம் மிச்சம், சுமக்கவும் சுலபம் என்று அவர்களுக்குச் சந்தோஷம். வேறு எதற்கெல்லாம் அது வசதி என்று நான் கேட்டதில்லை. இத்தனை வருஷமாக இத்தனை பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பது இந்தக் கைதானோ என்று இப்போது உறுத்துகிறது. மறுபடியும் யோசித்தால், போனைத் தலையணை மாதிரி கட்டிக்கொண்டு தூங்குகிற தலைமுறைக்கு என் ஜெராக்ஸ் எந்த மூலைக்கு என்றும் தோன்றுகிறது. எது சரி என்று தெரியவில்லை. இப்போது எனக்கும் கிட்டத்தில் எழுத்து தெரிவதில்லை. தேரடியில் வாங்கின கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது பல்கலைக்கழகத்தில் கண் பரிசோதனை முகாம் போட்டார்களே, அதற்கு ஃபாரம் அடித்துக் கொடுத்தது நான்தான். நாலு நாள் நடந்தது. முதல் நாளே ஃபாரம் தீர்ந்துபோய் இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். மறுநாள் நானே கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வரிசை மரத்தடிவரை நின்றது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவர்களின் ஃபாரத்தை ஓர் அட்டைப் பெட்டியிலும், கண்ணாடி வேண்டியவர்களின் ஃபாரத்தை இன்னொன்றிலும் போட்டார்கள். இரண்டாவது பெட்டி நிரம்பி வழிந்து, கீழே தரையில் அடுக்கினார்கள். இருபது வயசுப் பிள்ளைகள். ஓடியாடுகிற பிள்ளைகள். இதில் பாதிக்குமேல் அதுவரை ஒரு டாக்டரிடமும் கண்ணைக் காட்டியதில்லையாம்.

குமராட்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவர்கள் வீட்டில் முதலில் காலேஜ் வந்தவள், நம் கடைக்கும் வருவாள். பஸ் ஸ்டாப்பில் எந்த மினிபஸ் வந்தாலும் பக்கத்தில் இருக்கிறவர்களிடம், "இது குமராட்சி போவுமா?" என்று கேட்பாளாம். எம்.எஸ்ஸி படிக்கிற பெண்ணுக்கு போர்டு படிக்கத் தெரியாதா என்று கூட இருக்கிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். முகாமில் கண்ணாடியை மாட்டிவிட்டதும், "எல்லாருக்கும் மங்கலாதான் தெரியும்னு நெனச்சிருந்தேங்க்கா. உங்களுக்கெல்லாம் எப்பவுமே இப்டிதான் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். கேட்ட முகத்தில் கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

முகாம் முடிந்ததும் ஃபாரங்களையெல்லாம் ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றாக மிஷினில் வைத்து எடுத்துக்கொண்டே வந்தேன். நடுவில் உன் பேர் வந்தது. நீ அங்கே போனதே எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் ரயிலில், "கண்ணு காட்டினியாடா?" என்று கேட்டதற்கு, "எனக்கு எதுக்கும்மா, எனக்கு நல்லாதான் தெரியுது" என்றவன் நீ. ஃபாரத்தில் வலது கண்ணுக்கு நேரே ஆறின் கீழ் ஆறு என்று இருந்தது. இடது கண்ணுக்கு நேரே ஆறின் கீழ் அறுபது. உங்கம்மாவின் அறிவைப் பார், அறுபதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலது கண்ணுக்கு ஆறு மார்க்தான், இடது கண் அறுபது வாங்கியிருக்கிறது என்று நினைத்தேன்.

ஃபாரத்தை வாங்கிக்கொண்டு போக முகாமிலிருந்து ஒரு பெண் வந்தாள், கண் படிப்புப் படிக்கிறவள். உன் பேரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அவளிடம் காட்டி, "இது நல்ல மார்க்காம்மா?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "மத்தவுங்க அறுபது மீட்டர்லேருந்து பாக்கறத இவுரு ஆறு மீட்டர் கிட்ட வந்தாதாங்க்கா பாக்க முடியும்" என்றாள். "கண்ணாடி போட்டா சரியாப் போயிடுமா?" என்றேன். "இது சோம்பேறிக் கண்ணுங்க்கா. ஒரு கண்ணு நல்லா இருக்கறதால மூளை அதையே நம்பிக்கிச்சி, இந்தக் கண்ணு வேலையே கத்துக்கல. சின்ன வயசுலயே கண்டுபுடிச்சி, கண்ணாடி போட்டு, நல்ல கண்ண தெனம் கொஞ்ச நேரம் மூடி வெச்சிருந்தா நல்லாவே தேறியிருக்கும். இப்ப ரொம்ப லேட்டு" என்றாள். "சின்ன எழுத்தப் படிச்சதாலயா?" என்று கேட்டேன், இல்லை என்று சொல்லமாட்டாளா என்ற ஆசையில். "இல்லக்கா, இது பொறந்ததுலேருந்தே ரெண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமா இருந்திருக்கும். வேணும்னே யாரும் பண்ணதில்ல" என்றாள்.

அவள் போன பிறகு மிஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நல்ல கண்ணை மூடி வைத்திருந்தால் என்று சொன்னாளே, நான் மூடினேன் தம்பி. உன் நல்ல கண்ணை இந்தக் கையாலேயே மூடியிருக்கிறேன். அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

உனக்கு ஏழு வயசு. திருப்பாதிரிப்புலியூர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. டீச்சர் வராந்தாவில் அந்த போர்டை மாட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பார்த்தார்கள். ஒரு சீட்டு எழுதி உன் பையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். இடது கண்ணில் பார்வை குறைவாகத் தெரிகிறது, அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம், அதிலும் இப்படியே இருந்தால் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. நான் அதைப் படித்த விதம் வேறு. பிள்ளை ஒரு பரீட்சையில் ஃபெயில், அடுத்த வாரம் மறுபரீட்சை. எனக்கு அப்படித்தான் புரிந்தது. போர்டில் இருந்தது இங்கிலீஷ் எழுத்து. நீ தமிழ் மீடியம், ஏபிசிடி அரைகுறை. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். நீ வலது கண்ணைக் கையால் பொத்திக் காட்டி, "இந்தக் கண்ண மூடினா மறந்துபோவுதும்மா" என்றாய்.

மறந்துபோவுது. அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். மறந்துபோகிற பிள்ளைக்கு மனப்பாடம் செய்யவைத்தால் சரியாகிவிடும், அவ்வளவுதானே? சிதம்பரத்தில் அப்போது நான் வேறொருவர் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்த போர்டை நகலெடுக்க வருவார்கள். சரியாக வராத ஒரு நகல் கழிவில் கிடந்தது, சுருட்டி எடுத்து வந்தேன். ஒரு வாரம், தினமும் சாயங்காலம், அதைச் சுவரில் ஒட்டி, உங்கப்பாவின் கைக்குட்டையால் உன் வலது கண்ணைக் கட்டி, வரிசை வரிசையாகச் சொல்லவைத்தேன். வாய்ப்பாடு மாதிரி. நீ கெட்டிக்காரன். நாலாவது நாளே மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று சரளமாகச் சொன்னாய். மறுபரீட்சையில் பாஸ். டீச்சர் உன்னைத் தட்டிக்கொடுத்தார்களாம். நான் உனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். கைக்குட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

கண் டாக்டர் செய்யச் சொல்லியிருப்பதும் கிட்டத்தட்ட அதைத்தானே? நல்ல கண்ணைக் கட்டு, கெட்ட கண்ணுக்கு வேலை கொடு. அதே கைக்குட்டை, அதே பிள்ளை, அதே சாயங்காலம். கூட ஒரு கண்ணாடி மட்டும் இருந்திருந்தால்! ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் இருந்திருந்தால்! மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நோயை மூடி மறைத்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு எந்த அம்மாவாவது செய்திருப்பாளா? இதற்கு அழுவதா, என்னை நானே அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை. அன்றைக்கு இரண்டையும் செய்யாமல் மிச்சம் ஃபாரத்தை நகலெடுத்து முடித்தேன்.

தெரியாமல் செய்த தப்பு என்று இதோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அந்த வாரத்தில் ஒருநாள் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. நீ போர்டைத் தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தாய். எனக்கு என்ன தோன்றியதோ, கதவோரம் ஆணியில் ஒரு ஜவுளிக்கடைப் பை தொங்கிக்கொண்டிருந்தது, கொட்டை கொட்டையாகத் தமிழில் எழுதியிருக்கும், அதைக் காட்டி, "அதுல இன்னா எழுதியிருக்குது, படி" என்றேன். கைக்குட்டை கட்டியபடியே திரும்பிப் பார்த்தாய். "பை தெரியுதும்மா. எழுத்து தெரியல" என்றாய். தமிழ் எழுத்து உனக்குத் தண்ணி பட்ட பாடு. அதை மறக்கவா போகிறாய்? "இருட்டிப்போச்சி, அதான்" என்று சொல்லி விளக்கைப் போட எழுந்தேன். விளக்கு எரிந்த பிறகு உன்னை மறுபடி படிக்கச் சொல்லவில்லை. அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்படியென்றால் எனக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தக் கண் படிப்புப் பெண் சொன்னதிலிருந்து, இரண்டு வருஷமாக, இதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒருநாள் தெரியாது என்று தோன்றும். ஒருநாள் எல்லாம் தெரிந்துதான் செய்தாய் என்று தோன்றும். டாக்டரிடம் போக இரண்டு நாள் லீவு கேட்க வேண்டும், சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. உங்கப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்டு. சொந்தக்காரர்கள் வேறு, ஒருத்தருக்குச் சின்னதாக ஏதாவது குறை என்றால் அதையே பேராக வைத்துக் கூப்பிடுகிற கூட்டம். உன்னை ஒத்தக்கண்ணன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். எந்தக் காரணம் முதலில் வந்தது, எது நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், எது உண்மை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. இதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

பிற்பாடு எத்தனையோ தடவை உன் கண் எங்களுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. உங்கப்பா உன்னை 3டி படத்துக்குக் கூட்டிப்போனாரே, ஞாபகமிருக்கிறதா? தியேட்டரில் எல்லாப் பிள்ளைகளும் முன்னால் வருவதைப் பிடிக்கக் கையை நீட்டினார்களாம், நீ மட்டும் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். "ஒண்ணுமே வெளிய வரலியேப்பா" என்றாயாம். உங்கப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. "எம்புள்ள யாரு ஏமாத்தினாலும் ஏமாற மாட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னார். கிரிக்கெட்டில் உன் கைக்கு வந்த கேட்சையெல்லாம் விட்டாய். சோம்பேறி என்று உங்கப்பா திட்டி அடித்தார். குழம்பு ஊற்றச் சொன்னால் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினாய். "கவனம் எங்கடா இருக்குது?" என்று முதுகில் வைத்தேன். உன் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவில்லை, அதனால்தான் என்று அந்தக் கண் படிப்புப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடித்த அடியை இனி எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

ஃபாரத்தைப் பார்த்த அன்றைக்கே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பழைய கதையைச் சொல்ல வேண்டிவரும் என்று கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. நான் வருத்தப்படுவேன் என்றா? அந்தக் கைக்குட்டை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்து, அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்தாயா? ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற உன் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாள் இதைக் கேட்க வாயெடுத்திருக்கிறேன். ஆலப்பாக்கம் போகும், புதுச்சத்திரம் போகும், பரங்கிப்பேட்டை போகும், கிள்ளை வரும், கேட்காமலேயே இறங்கிவிடுவேன்.

அப்புறம் நீ ரயில்வே பரீட்சை எழுதினாய். அசிஸ்டென்ட் லோகோ பைலட். ஒவ்வொரு கட்டமாகப் பாஸ் பண்ணிக்கொண்டே போனாய். நடுவில் ஒரு கண் சர்டிபிகேட் வாங்கி வந்து நகலெடுக்கக் கொடுத்தாய். அதில் இரண்டு கண்ணுக்கும் ஆறின் கீழ் ஆறு. இதே மிஷினில், இதே கண்ணாடிமேல் வைத்து நான் நகலெடுத்த ஃபாரத்தில் ஆறின் கீழ் அறுபது. ஒரே பிள்ளை, ஒரே கண், இரண்டு காகிதம். இந்த இரண்டு வருஷத்தில் எப்படியோ தேறிவிட்டது, அந்தப் பெண் சின்னப் பெண், தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, நம்பினேன். தில்லைக் காளிக்கு வேண்டிக்கொண்டதைக்கூடப் போய்ச் செலுத்திவிட்டு வந்தேன். நேற்று நீ அந்த போர்டைக் காட்டினாயே, அப்போதுதான் அந்த சர்டிபிகேட்டை எப்படி வாங்கியிருப்பாய் என்று புரிந்தது. நான் சொல்லிக்கொடுத்த வித்தை.

உங்கப்பாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன், வாழ்நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுகிற ரயிலை மூடின ரயில்வே கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். "எம்புள்ள ரயில் ஓட்டப் போறான், இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க" என்று டீக்கடையில் சொல்லி, அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு உன் கண் விஷயம் ஒன்றும் தெரியாது. சீட்டு வந்ததும் தெரியாது, நான் கட்டியது அவர் கைக்குட்டை என்பதும் தெரியாது. நீயும் ராத்திரி பகலாகப் படித்தாய், அதை நான் பார்த்தேன். இந்த வேலையை உன் வாயிலிருந்து தட்டிப் பறிக்க எனக்கு மனசு வருமா?

நேற்றிலிருந்து என் மனசு இரண்டு பக்கமும் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறது. ஒரு கண்தான் நன்றாகத் தெரிகிறதே, ஒரு கண்ணால் பார்த்தாலும் சிவப்பு சிக்னல் சிவப்பாகத்தானே தெரியும் என்கிறது ஒரு பக்கம். ஊரில் எத்தனை பேர் கண்ணே சரியில்லாமல் பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிறார்கள் என்கிறது. சட்டம் போட்டவர்கள் என்னைவிடப் படித்தவர்கள், காரணமில்லாமலா இரண்டு கண்ணும் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள் என்கிறது இன்னொரு பக்கம். இன்று காலை வழக்கமான வண்டியில் வந்தேன். நெரிசல். என் மடியில் யாரோ ஒரு குழந்தையை உட்கார வைத்தார்கள். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது, காற்றில் என் கண்ணில் தூசி விழுந்தது. ஒரு கண்ணை மூடிக் கசக்கிக்கொண்டே இன்னொன்றால் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. இப்படி உன் வலது கண்ணில் ஒரு தூசி விழுந்தால்? அந்த ஒரு நிமிஷம் வண்டியை யார் ஓட்டுவது? வண்டிக்குள் இத்தனை பேர்.

அதனால் போர்டை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். நான் எடுத்துத் தராவிட்டால் நீ போனிலேயே பார்த்து மனப்பாடம் செய்துகொள்வாய் என்பதும் தெரியும். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? ரயில்வே மெடிக்கலில் இப்போது கம்ப்யூட்டரில் எழுத்தை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள் என்று ஒரு பையன் சொன்னான், பழைய போர்டுதான் என்று இன்னொரு பையன் சொன்னான். நீ தப்பித்தாலும் தப்பிக்கலாம், மாட்டினாலும் மாட்டலாம். கண்ணுக்கு அவ்வளவு கேட்காத வேறு வேலையும் ரயில்வேயில் உண்டு, அதற்கு மறுபடி எழுதலாம் என்கிறார்கள். உண்மையா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. உண்மை இல்லையென்றால் உனக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றும் தெரியாது. தெரியாததை எல்லாம் தெரியாது என்றே எழுதிவிடுவது என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு காரியம் மட்டும் செய்துவிட்டேன். எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இப்போதுதான் உங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சீட்டு, கைக்குட்டை, பை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அவன் கேட்ச் வுட்டப்பல்லாம் அடிச்சேனேடி" என்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகையால் வீட்டில் யாருக்காகவும் நீ இனிமேல் மறைக்க வேண்டியதில்லை. மெடிக்கலுக்கு வேண்டிய சர்டிபிகேட் நகல் எல்லாம் மூன்று செட் போட்டு நீல ஃபைலில் வைத்திருக்கிறேன், அந்தக் கண் சர்டிபிகேட் உட்பட. அதை எடுப்பதும் வைப்பதும் உன் இஷ்டம், நான் தொடவில்லை. இந்தக் கடிதம் அதற்கு மேலேயே இருக்கும். வியாழக்கிழமை நானும் திருச்சிக்கு வருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே, கடைக்குப் பூட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

உள்ளே வலது கண்ணை மூடச் சொல்வார்கள். மூடிக்கொள். அப்புறம் எதிரில் என்ன தெரிகிறதோ அதைச் சொல். ஒன்றும் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல். ஏழு வயசில் நீ அதைச் சரியாகத்தான் சொன்னாய் தம்பி. நான்தான் உன்னைத் திருத்திவிட்டேன்.

அம்மா